அப்பாவின் புருவங்கள்

2007 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேசைமேல் காப்பியை வைத்தேன். அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கண் பாதிதான் திறந்திருந்தது.

நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தினி மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பதுதான். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைக் களைப்பு என்று நினைத்திருந்தோம். அன்று மாலையே அம்மா போய்விட்டாள்.

"கையத் தூக்குங்கப்பா" என்றேன்.

"எதுக்கு?"

"ரெண்டு கையையும். தூக்குங்க."

தூக்கினார். இரண்டும் சமமாகவே எழுந்தன. சிரிக்கச் சொன்னேன். காரணமில்லாமல் சிரிக்கச் சொன்னால் எவரும் சிரிப்பதுபோலத்தான் சிரித்தார், வாய் கோணவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் வேறேதோ ஒன்று இல்லை. என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"தூக்கம் சரியில்லம்மா, அவ்ளோதான்" என்றார்.

அம்மாவுக்குப் பிறகு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக எழுந்த வீடுகளுக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டில் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. மனவருத்தம் ஏதுமில்லை. இருவருமே இயல்பில் அதிகம் பேசாதவர்கள். பேசவைப்பவள் போய்விட்டாள், அவ்வளவுதான். பேச்சின் இடத்தை அப்பாவின் புருவங்கள் எடுத்துக்கொண்டன. இரண்டும் சேர்ந்து மேலே போனால் 'சாப்பிட்டாயா' என்று பொருள். ஒன்று மட்டும் உயர்ந்தால் நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நெற்றி முழுதும் வரிவரியாகச் சுருங்கினால் 'படித்தது போதும், விளக்கை அணை.' அவர் வாயால் பேசிய பேச்சையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஏனெனில் அவருடைய வேலையே பேசுவதுதான். திருவண்ணாமலையின் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் அவர் செய்தி வாசிப்பவர். கடைத்தெருவில் ஒரு மாடி அறை, நீலத் துணித் திரை, இரண்டு விளக்குகள். மாலைச் செய்தி, நகைக்கடை விளம்பரக் குரல், மின்தடை அறிவிப்பு எல்லாம் அவர்தான். கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாளும் நேரடி வர்ணனையும் அவர்தான். தீபத்தன்று ஊரில் பாதிப் பேர் மலையையும் மீதிப் பேர் அப்பாவையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆண்டு சேனலுக்குப் புதிய கேமரா வந்திருந்தது. பழைய கேமரா மறைத்துவைத்திருந்ததையெல்லாம் அது காட்டிவிட்டது. குறிப்பாக, அப்பாவின் இரு புருவங்களுக்கு நடுவே இருந்த இரண்டு ஆழமான கோடுகளை. நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்களாம்: "செய்தி வாசிக்கிற அண்ணன் ஏங்க எப்பப் பாத்தாலும் கோவமாவே கீறாரு?" முதலாளி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னதாக அப்பா ஒருநாள் என்னிடம் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்லூரியில் அந்தப் பருவத்தில் எங்களுக்கு மெய்ப்பாடு பாடமாக இருந்தது. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்குப் பழைய இலக்கணம் வகுத்த எட்டு வகைகள். அந்தக் கோடுகள் வெகுளி, அதாவது கோபம், அல்ல என்பது எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியில் விளக்கொளி பட்டுத் தெறிக்கிறது என்று அதைக் கழற்றிவைத்துவிட்டு, பல ஆண்டுகள் தாளைக் கூர்ந்து பார்த்துப் படித்ததால் விழுந்த கோடுகள் அவை. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சிரித்ததால் அது அவருக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எவ்வளவு மறுத்தும் நான் விடவில்லை. ஆட்டோ பிடித்து, வேலூர் சாலையில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். பணியிலிருந்த மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தார். கன்னங்களை உப்பச் சொன்னார். தம் கைகளை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு, "புருவத்தத் தூக்குங்க சார்" என்றார்.

அப்பா தூக்க முயன்றார். இரண்டு புருவங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை. இஸ்திரி போட்ட துணிபோல இருந்தது அது. காலையில் அந்தச் சிரிப்பில் இல்லாமல் போனது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருத்துவர் சிறிது நேரம் அந்த நெற்றியையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முகத்துல கோடு மறைய ஏதாச்சும் ஊசி போட்டுக்கினீங்களா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார்.

வெளியே வந்தேன். அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் திரைதான். அதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

"எப்ப போட்டீங்க?"

"தீபாவளிக்கு மொத நாளுங்க. சென்னையில."

புதிய கேமராவுக்கு ஏதோ பாகம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் சென்னைக்குப் போன நாள் அது.

"யாரு போட்டது? டாக்டரா?"

"வெள்ளக் கோட்டு போட்டிருந்தாருங்க."

"எந்த மருந்து? எவ்ளோ போட்டாங்க?"

"கேக்கலைங்க."

"நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு அவங்க கேட்டாங்களா?"

"வயசு கேட்டாங்க. கார்டா கேஷான்னு கேட்டாங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்களா?" என்றார்.

"பிரஷருக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"அதான் ஊசி போட்ட எடத்துல நீலமா கட்டியிருக்கு."

தீபாவளியன்று அப்பா வழக்கத்தைவிடப் பெரிதாகச் சந்தனம் இட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. பண்டிகைக்காக என்று நினைத்திருந்தேன்.

"போட்ட எடத்த ஒரு நாளைக்குத் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்களா?"

"சொன்னாங்க."

"தேய்ச்சீங்களா?"

அப்பா "மறுநாள் தீபாவளிங்க" என்றார்.

"ஐயோ. எண்ணெ வெச்சுக்கினீங்களா?"

"பொண்ணு வெச்சா."

"அந்தப் பொண்ணு கிட்ட இன்னிக்கு வேணாம்மான்னு சொல்ல வேண்டியதுதான?"

"எப்பிடிங்க சொல்றது" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் தீபாவளி விடியலில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைப்பது அம்மாவின் வேலை. அவள் போன பிறகு நான் அதை எடுத்துக்கொண்டேன். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் மும்முறை வைத்து, நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை அழுத்தித் தேய்ப்பேன். அம்மா அப்படித்தான் செய்வாள். ஆண்டில் ஒரே ஒருமுறை நான் என் அப்பாவைத் தொடுவது அன்றுதான். அந்த விடியலிலும் அவர் மணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் கட்டைவிரல்கள் அவருடைய புருவங்களின் மேல் போய்வந்தன. அவர் தடுக்கவில்லை.

திரைக்கு அப்பால் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். "தேச்சதாலதான் மருந்து இமைக்கு எறங்கிச்சுன்னும் சொல்ல முடியாது சார். ஊசி எறங்கன எடம் கொஞ்சம் கீழ தள்ளிப் போயிருந்தாலும் இமை தொங்கும். ஆம்பளைங்களுக்கு இந்த எடத்துல தசை கெட்டி, அதனால மருந்து ஜாஸ்திதான் போடுவாங்க. எவ்ளோ, எங்கன்னு தெரிஞ்சவங்க போடணும். சரியானவங்க போட்டா நெறைய பேருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா உங்களுக்குப் போட்டது யாருன்னே உங்களுக்குத் தெரியல."

"இத சரி பண்ண வேற ஊசி இருக்குதுங்களா?"

"முறிக்கற ஊசியெல்லாம் கெடையாது. தானாத்தான் சரியாவணும். இமைக்குச் சில வாரம். நெத்திக்கு மூணு மாசம், நாலு மாசம்கூட ஆவும். சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு, இமையக் கொஞ்சம் தூக்கும். அத கண் டாக்டர் பாத்துதான் குடுக்கணும். மறுபடியும் அங்க போயி சரி பண்றேன்னு இன்னொண்ணு போட்டுக்காதீங்க. முழுங்க முடியல, மூச்சு வாங்குது, பேச்சு கொழறுது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா ராத்திரி பகல் பாக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். புரியுதா?"

அப்பா வெளியே வந்து, "ஒண்ணும் இல்லயாம், சரியாயிடுமாம்" என்றார். "சரிப்பா" என்றேன். திரைக்குப் பின்னால் நான் கேட்டதை அவர் அறியவில்லை. அறியவிடுவது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "என்னாங்க சார், கண்ணு என்னாச்சு?" என்றார். அப்பா சட்டென்று சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "மெட்ராஸ் ஐ" என்றார்.

அதைவிட மோசமான பொய்யை அவர் தேர்ந்திருக்க முடியாது. எங்கள் ஊரில் மெட்ராஸ் ஐ என்பது நேரில் பார்த்தாலே தொற்றிவிடும் என்று நம்பப்படும் கண்நோய். அக்கா மீதித் துணியைக்கூட உலர்த்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். மாலைக்குள் தெரு முழுதும் செய்தி பரவிவிட்டது. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே தொங்கவிட்டுப் போனார். கல்லூரித் தோழி தொலைபேசியில், "கோச்சுக்காதடி, ஒரு வாரம் வராத. எனக்கு செமினார் இருக்குது" என்றாள். தீபாவளிப் பலகாரம் கொடுத்துப்போன ஓர் அத்தை தன் தூக்குவாளியைத் திரும்ப வாங்கவே வரவில்லை. வீட்டில் இரண்டே பேர். ஒருவர் பேசமாட்டார், அவர் முகமும் இப்போது பேசவில்லை.

அந்த முகம் பேசாததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அறைக்குள் நுழைந்து அவரைப் பார்ப்பேன். அந்த வழவழப்பான நெற்றி என்னைப் பார்க்கும். சாம்பாரில் உப்பு கூடியதா, தெரியவில்லை. நான் விளக்கை அணைக்க வேண்டுமா, தெரியவில்லை. அவருக்கு வருத்தமா என்பதுகூடத் தெரியவில்லை. இடது கண் அகலமாகத் திறந்து, எதற்கோ சிறிது வியந்ததுபோலவே எப்போதும் இருந்தது. அந்த மருட்கைக்கு எந்தப் பொருளும் இல்லை. அவர் சாப்பிடும்போது தொண்டையையே கவனித்துக்கொண்டிருப்பேன், சோறு தடையில்லாமல் இறங்குகிறதா என்று. ஏன் பார்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டாரோ என்னவோ, கேட்பதற்கு அவரிடம் இருந்த வழி அடைபட்டிருந்தது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் பக்கம், வெளிநாட்டவர் அதிகம் வரும் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் இந்த ஊசியைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. படங்களில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்று பக்கம்பக்கமாகச் சிரித்தார்கள். ஆண்களைப் பற்றி ஒரு பத்தி மட்டும் கிடைத்தது. மருத்துவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது. ஆணின் புருவம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதால் அளவு பிசகினால் முகம் கனத்துத் தொங்கும் என்ற ஒரு வரி கூடுதலாக. ஓர் ஆண் இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி எந்தப் பக்கத்திலும் எதுவும் இல்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சேனல் முதலாளி வந்தார். கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டரை அணைக்காமலே, மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டு பேசினார்.

"சார், உங்கள பாக்கலன்னு கோச்சுக்காதீங்க. எனக்கும் ஒட்டிக்கிச்சின்னா கேமராவ யாரு புடிக்கிறது?"

"பரவால்லங்க" என்றார் அப்பா வாசற்படியிலிருந்து.

"கண்ணாடி போட்டுக்கினே உக்காருங்களேன்?"

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு சாமி வர்ணனை பண்ணா ஜனங்க என்னா நெனைப்பாங்க?"

"கட்சி ஆரம்பிச்சிட்டாருன்னு நெனைப்பாங்க" என்று தாமே சிரித்துக்கொண்டார் முதலாளி. "மெட்ராஸ் ஐ ஒரு வாரந்தான சார். தீபத்துக்குள்ள சரியாயிடுமில்ல? அதுவரைக்கும் ஒரு ஸ்கூல் வாத்தியார வெச்சு ஓட்டறேன். நல்லாத்தான் பேசறாரு. தீபத்தன்னிக்கு மட்டும் நீங்க வந்துடுங்க. அன்னிக்கும் வரலன்னா அப்புறம் ஜனங்களுக்கு அந்த மூஞ்சி பழகிடும், பாத்துக்குங்க."

"வந்துடறேங்க" என்றார் அப்பா.

வரமுடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் அவர் கண்ணாடிமுன் நின்று இமையை விரலால் தூக்கிப் பார்ப்பார். விரலை எடுத்ததும் அது இறங்கும். ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் அந்த வாத்தியார் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கன்னம் ஒட்டியவர், நெற்றி நிறையக் கோடுகள் உள்ளவர். தேர் திரும்பும்போது அந்தக் கோடுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து மேலே எழும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

தீபத்தன்று மாலை மொட்டை மாடிக்குப் போனோம். சுற்றிலும் எல்லா மாடிகளிலும் கூட்டம். எங்கள் மாடியில் நாங்கள் மட்டும். அக்கா வீட்டுக் குழந்தைகள் எங்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலெல்லாம் நான் இந்த மாடியில் தனியாகத் தீபம் பார்ப்பேன். கீழே தொலைக்காட்சியில் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். பார்த்த பிறகு இறங்கி ஓடிப்போய் அவர் முகத்தைத் திரையில் பார்ப்பேன். சுடரைச் சொல்லும்போது அவர் புருவங்கள் உயரும். அது ஊருக்கானது என்றாலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் எழுந்தது. 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்ற குரல் மாடி மாடியாகப் பரவி எங்களைக் கடந்து போனது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நான் மலையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். நெற்றி அசையவில்லை. முதன்முறையாகத் தீபத்துக்கு அவர் என் அருகில் நின்றார். திரையில் இருந்தபோது அவர் எனக்கு இதைவிட அருகில் இருந்திருக்கிறார்.

"இத நான் மானிட்டர்லதான் பாத்திருக்கேன்" என்றார். பிறகு, "நாளைக்குச் சென்னை போறேன். அந்த கிளினிக்ல வரச்சொல்லியிருக்காங்க. இன்னொரு ஊசி போட்டா ரெண்டு பக்கமும் சமமாயிடுமாம். காசு வேணாம்னுட்டாங்க" என்றார்.

கிளினிக் என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னது அதுவே முதல்முறை. எனக்குத் தெரியும் என்பதை எப்போது அறிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

"வேணாம்ப்பா."

"வாத்தியார் நல்லாத்தான் பேசறாரு, இல்ல?"

"அவரு நெத்தியிலயும் கோடு இருக்குதுப்பா. யாரும் போன் பண்ணி அவரு கோவமா இருக்காருன்னு சொல்லல."

அவர் கழற்றிய கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அன்னிக்கு எண்ணெ வேணாம்னு சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"வருஷத்துல ஒருநாள் நீ வெக்கிற" என்றார். "அத வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆகவே அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன். நாளை போவாரா மாட்டாரா என்று கேட்டேன். "காலையில பாக்கலாம்" என்றார்.

காலையில் குளித்து, சட்டை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு, பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் அறிமுகமில்லாதவரிடம் பேசுவதென்றால் நான் முன்கூட்டியே வாக்கியங்களைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு, அப்பாவிடம் எண்ணை வாங்கி அந்தக் கிளினிக்கை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த மருந்து, எவ்வளவு, போட்டவர் யார் என்று கேட்டேன்.

"மேடம், இது எல்லாருக்கும் போடறதுதான் மேடம்."

"எங்கப்பாவுக்குப் போட்டதக் கேக்கறேன்."

"அதெல்லாம் டாக்டர்தான் மேடம் சொல்லணும்."

"டாக்டர் கிட்ட குடுங்க."

"டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வருவாரு. அன்னிக்கு அவரு இருந்தாரான்னு எனக்குத் தெரியாது."

ரிசீவரை அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, "அன்னிக்கு எனக்கு ஊசி போட்டது யாருங்க?" என்று கேட்டார். மறுமுனையில் அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளவும் வழியில்லை. சிறிது நேரம் கேட்டுவிட்டு, "சரிங்க" என்று வைத்தார்.

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

நான் வாசலுக்குப் போய், பாட்டிலிலிருந்த தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, பையை உள்ளே எடுத்துவந்து வைத்தேன்.